எடையை வாய்விட்டுச் சொல்லக் கூடாது

சென்ற மாதம் கிளியனூர்ப் பக்கத்திலிருந்து நித்யா என்றொரு பெண் போன் செய்தாள். கிராம சுகாதார செவிலியராகப் புதிதாகச் சேர்ந்திருக்கிறாள். அதே வேலையைப் பார்த்து ஓய்வு பெற்ற நான் திண்டிவனத்தில் சும்மா உட்கார்ந்திருப்பதாக யாரோ சொல்லி, என் எண்ணையும் கொடுத்திருக்கிறார்கள்.

"அக்கா, புதுசா டிஜிட்டல் எடை மிஷின் குடுத்துக்கிறாங்க. கொழந்தையப் படுக்க வச்சா செவப்பு செவப்பா நம்பர் எரியுது. அதப் பாத்ததும் ஒரு வூட்ல புள்ளைய வாரி எடுத்துக்கினு உள்ள போயிட்டாங்க. கண்ணு பட்டுடுமாம். எடை போடாம நான் எப்புடிக்கா என்ட்ரி போடறது? ஒரே பேஜாரா கீதுக்கா."

என்ட்ரி கிடக்கட்டும், குழந்தை எப்படி இருக்கிறது என்று கேட்டேன். அதைப் பார்க்க விட்டால்தானே என்றாள். போனில் சொல்ல முடிந்ததைச் சொன்னேன். மீதியை எழுதுகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். சும்மா இருப்பவளுக்கு இப்படித்தான் வேலை வந்து சேரும்.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. விழுப்புரத்தில் விடுதியில் தங்கிப் படித்தோம். சாம்பாரில் பருப்பைத் தேடினோம். துணி பொம்மையை வைத்துப் பிரசவம் பார்க்கவும், குளிப்பாட்டவும், எடை போடவும் கற்றோம். பொம்மைக் குழந்தைக்கு அப்பனும் கிடையாது, பெரியம்மாவும் கிடையாது. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் தராசில் கிடக்கும். எல்லாக் குழந்தையும் அப்படித்தான் கிடக்கும் என்று நம்பிக்கொண்டு கண்டமங்கலம் வட்டாரத்தில் வேலைக்குச் சேர்ந்தேன்.

சில வருடங்களில் எனக்கு மேலே பகுதி சுகாதார செவிலியராக வந்தவர் வசந்தகோகிலம். பெயரில்தான் குயில். வாயைத் திறப்பது அபூர்வம். பயிற்சியில் எனக்கு ஒரு வருடம் மூத்தவர். அந்த ஒரு வருடத்தை அவரும் மறந்ததில்லை, என்னையும் மறக்க விட்டதில்லை. திட்ட வேண்டும் என்றால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைப்பார். துடைத்து முடிக்கும்வரை நாம் எதிரே நின்றுகொண்டிருக்க வேண்டும். வாயால் திட்டியிருந்தால் சீக்கிரம் முடிந்திருக்கும்.

ஆய்வுக்கு வந்தால் மற்ற அதிகாரிகள் பதிவேட்டைக் கேட்பார்கள். கோகிலா மேடம் தராசைக் கேட்பார். அப்போது எங்களிடம் இருந்தது தொங்கவிடும் வட்டத் தராசு. சுவர்க் கடிகாரம் மாதிரி முகம், ஒரே ஒரு முள், கீழே கொக்கி, கொக்கியில் மாட்ட ஒரு துணித்தொட்டில். பக்கத்து மளிகைக் கடையிலிருந்து ஒரு கிலோ படிக்கல்லை வாங்கிவரச் சொல்லி அதில் தொங்கவிடுவார். முள் ஒன்றில் நிற்க வேண்டும். தன் படிக்கல்லைத்தான் சோதிக்கிறார்கள் என்று கடைக்காரருக்குச் சந்தேகம். மேடம் வந்துபோன நாளில் அவர் கடையில் துவரம்பருப்பு கொஞ்சம் தாராளமாகவே விழும்.

வீட்டில் போய் எடை போடுவதற்கு அவர் வைத்திருந்த முறையை நான் கடைசிவரை மாற்றவில்லை. முதலில் தொங்கவிடும் இடத்தைப் பார்க்க வேண்டும். விட்டமானால் கயிற்றைப் போட்டு நம் கையாலேயே இழுத்துப் பார்க்க வேண்டும். பிறகு வெறும் தொட்டிலை மாட்டி, முள்ளைச் சுழியத்துக்குத் திருப்ப வேண்டும். குழந்தையைத் தாயின் கையாலேயே தொட்டிலில் வைக்கச் சொல்ல வேண்டும், நாம் பிடுங்கி வைக்கக் கூடாது. நம் ஒரு கை எப்போதும் குழந்தைக்குக் கீழே, தொடாமல் இருக்க வேண்டும். முள் ஆடி நிற்கும்வரை பொறுத்து, கண்ணை முள்ளின் மட்டத்துக்குக் கொண்டுவந்து படிக்க வேண்டும். குட்டையாக இருந்தால் முக்காலி போட்டு ஏறு என்பார். நான் குட்டை.

கடைசி விதிதான் மற்றவர்களிடம் இல்லாதது. எடையை வாய்விட்டுச் சொல்லக் கூடாது, முகத்திலும் காட்டக் கூடாது. தாயைத் தனியாகக் கூப்பிட்டு, அட்டையில் கோடு ஏறுகிறதா இறங்குகிறதா என்று விரலால் காட்ட வேண்டும். அவ்வளவுதான். ஒருமுறை நான் இதெல்லாம் மூடநம்பிக்கைக்குத் துணை போவதில்லையா என்று கேட்டுவிட்டேன். கண்ணாடி கழன்றது. துடைத்து மாட்டிக்கொண்டு சொன்னார்:

"அவங்க நம்புறத நான் நம்பணும்னு இல்ல. நான் நம்பாதத அவங்க வூட்டு நடுவுல நின்னு கத்தணும்னும் இல்ல. எனக்கு அடுத்த மாசமும் அந்தப் புள்ள தொட்டில்ல ஏறணும்."

இன்னொரு பழக்கமும் அவருக்கு இருந்தது. பச்சைக் குழந்தை இருக்கும் வீட்டு வாசலில் நின்றதும் முதலில் துணிக்கொடியைப் பார்ப்பார். பழைய வேட்டியைக் கிழித்த துண்டுகள் வரிசையாகத் தொங்கினால் குழந்தை நன்றாகப் பால் குடிக்கிறது, நன்றாக நனைக்கிறது என்று அர்த்தம். உள்ளே போகாமலே பாதி விவரம் கிடைத்துவிடும்.

பள்ளிக்கூட வேலையையும் அவர் இப்படித்தான் செய்தார். வளரும் பெண் பிள்ளைகளுக்கு வியாழக்கிழமை தோறும் நீல நிறத்தில் இரும்புச்சத்து மாத்திரை கொடுப்போம். எங்கள் பகுதிப் பள்ளி ஒன்றில் எல்லாரும் விழுங்கிவிட்டதாகத்தான் கணக்கு. ஆனால் கைகழுவும் தொட்டிக்குப் பின்னால் மண் நீலமாக இருந்தது. நாக்குக்கு அடியில் ஒதுக்கி வைத்துப் போய்த் துப்பியிருக்கிறார்கள். ஆசிரியை விசாரணை வைக்கலாம் என்றார். மேடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஒரு பெண்ணிடம் மட்டும் மெதுவாகக் கேட்டார். "காலையில ஒண்ணியும் சாப்புடாம வர்றோம் மேடம். அத முழுங்குனா கொமட்டுது" என்றாள் அவள். மறுவாரம் முதல் மாத்திரை சத்துணவுக்குப் பிறகு என்று மாறியது. முதல் மாத்திரையை மேடம் பிள்ளைகளுக்கு முன்னால் தானே விழுங்கினார். மலம் கறுப்பாகப் போகும், பயப்படாதீர்கள் என்று அவர் பச்சையாகச் சொன்னதும் வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. மண்ணில் நீலம் குறைந்தது. அடியோடு போய்விட்டது என்று சொன்னால் அது பொய்.

இனி அந்த வீட்டைப் பற்றிச் சொல்கிறேன்.

கண்டமங்கலத்துக்கு உள்ளே தள்ளி ஒரு கிராமம். ஏழுமலை, கௌரி என்று ஒரு தம்பதி. கொஞ்சம் நிலம் உண்டு. மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போடுவார்கள். ஏழுமலை தினமும் புதுச்சேரியில் ஒரு சோப்புக் கம்பெனிக்குப் போய்வந்தான். பேக்கிங் பிரிவில் வேலை. அட்டைப்பெட்டியைக் கையில் தூக்கியதுமே உள்ளே ஒரு சோப்பு குறைகிறதா என்று சொல்லிவிடுவானாம். நன்றாகப் பேசுகிறவன், சிரிக்கிறவன். நான் அந்த ஊருக்கு மாறி வருவதற்கு முன்னால் அவர்களுக்கு முதலில் ஒரு பையன் பிறந்திருந்தான். கொழுகொழு குழந்தை. பக்கத்து ஊர் விழாவில் குழந்தைகள் போட்டி வைத்தபோது ஏழுமலைதான் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு போய் மேடையில் ஏற்றினான். மைக்கில் எடையை அறிவித்தார்கள், கூட்டம் கை தட்டியது, எவர்சில்வர் கூஜா ஒன்று பரிசாகக் கிடைத்தது. அந்த மழைக்காலம் முடிவதற்குள் மூளைக்காய்ச்சல் வந்து பையன் போய்விட்டான்.

ஊரில் ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். மைக்கில் சொன்னதால் ஊர்க்கண் பட்டது என்றார்கள் சிலர். ஏழுமலை அப்படி நினைக்கவில்லை. அன்று கூட்டத்தில் எல்லாரையும்விட ஆசையாகப் பார்த்தது தன் கண்தான், தன் கண்தான் பட்டுவிட்டது என்று முடிவு செய்துகொண்டான். கூஜாவைக் காகிதத்தில் சுற்றிப் பரண்மேல் போட்டுவிட்டான்.

அடுத்து கௌரி உண்டானபோது ஒவ்வொரு மாதமும் நான்தான் பார்த்தேன். இரத்த அழுத்தம், ஊசி, ஸ்கேன் எதிலும் குறை வைக்கவில்லை. அரசு மருத்துவமனையில் பெண் குழந்தை பிறந்தது, நல்ல எடை. எவ்வளவு என்று இங்கேயும் எழுதப் போவதில்லை, பழக்கம் விடவில்லை. கௌரியைப் பார்த்துக்கொள்ள கெடாரிலிருந்து அவள் அக்கா தனம் வந்திருந்தாள். வீட்டுக்கு வந்த குழந்தையை ஆட்டோவிலிருந்து உள்ளே தூக்கிப் போனவன் ஏழுமலைதான். ஆனால் முகத்தைத் துண்டால் மூடித்தான் தூக்கினான்.

குழந்தையைப் பார்க்க முதல்முறை நான் போனபோது தராசை வாசலிலேயே நிறுத்திவிட்டான்.

"நர்சம்மா, கோச்சிக்காதீங்க. இந்தப் புள்ளைக்கு எடை வேணாம். ஊசி போடுங்க, மருந்து குடுங்க, இன்னா வேணா பண்ணுங்க. தராசுல மட்டும் ஏத்தாதீங்க."

கூடத்துச் சன்னல்கள் சாத்தியிருந்தன. உள்ளறையில் கௌரியின் பக்கத்தில் குழந்தை துணிக்குள் துணியாகச் சுற்றிக் கிடந்தது. பால் கொடுக்கச் சொல்லிப் பார்த்தேன், குடித்தது. காலைத் தொட்டுப் பார்த்தேன், சூடு இருந்தது. தனம் குரலைத் தாழ்த்தி, "ரொம்ப சாதுங்க. ராத்திரி பகல் தூங்கிக்கினே கீது. அழவே மாட்டேங்குது" என்றாள். மெச்சுவதற்குக்கூடப் பயந்துதான் சொன்னாள். பிறந்த குழந்தை அழாமல் தூங்குகிறது என்று யாராவது சொன்னால் எனக்குப் பிடிக்காது. அடிக்கடி எழுப்பிப் பால் கொடுக்கச் சொன்னேன். திரும்பியதும் கோகிலா மேடத்துக்குப் போன் செய்தேன். நாளைக் காலையில் சேர்ந்து போவோம் என்றார்.

மறுநாள் வாசலில் நின்றதும் இருவரும் கொடியைத்தான் பார்த்தோம். ஏழுமலையின் கம்பெனிச் சட்டை காய்ந்துகொண்டிருந்தது. ஒரு துண்டு. தனத்தின் சேலை. குழந்தைத் துணி ஒன்றே ஒன்று, அதுவும் மொடமொடவென்று காய்ந்து கிடந்தது. மேடம் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

கௌரியின் உதடு வெடித்திருந்தது. தண்ணீர் குடித்தாயா என்று மேடம் கேட்டார். தனம்தான் பதில் சொன்னாள்.

"பச்ச ஒடம்பாச்சேம்மா. தண்ணி குடிச்சா கொழந்தைக்கு சளி புடிக்கும், இவளுக்கு வயிறு பெருத்துடும். சுட்ட பூண்டும் மிளகுச் சோறும்தான் குடுக்கறேன். தண்ணி ஒரு மடக்கு, ரெண்டு மடக்கு, அவ்ளோதான்."

அவள் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. தங்கை மெலியாமல் எழுந்திருக்க வேண்டும் என்று தன் வீட்டு வேலையைப் போட்டுவிட்டு வந்தவள். பத்தியம் என்று அவளுக்கு யார் செய்தார்களோ அதையே செய்தாள். தாய்க்குத் தண்ணீர் இல்லை, அதனால் பால் ஊறவில்லை, குழந்தைக்கு அழவும் தெம்பில்லை. அந்த வீட்டில் இருந்த மூன்று பேரில் ஒருவர் குழந்தையின் முகத்தை வெளிச்சத்தில் பார்த்திருந்தாலும் தெரிந்திருக்கும். கண் பட்டுவிடும் என்று யாரும் பார்க்கவில்லை. பிரியத்தால்தான் பார்க்கவில்லை.

நான் குழந்தையின் உள்ளங்காலைச் சுண்டினேன். நன்றாக இருக்கும் குழந்தை உதைத்து வீறிடும். இவள் முகத்தைச் சுளித்துவிட்டு மறுபடி அடங்கிவிட்டாள். விரலை வாயில் வைத்தேன், சப்பவில்லை. பாதம் சில்லிட்டிருந்தது. உடனே விழுப்புரம் போக வேண்டும் என்றேன். ஏழுமலை கதவை மறித்துக்கொண்டு நின்றான்.

"நேத்து நீங்க வந்து தொட்டுட்டுப் போனதுக்கு அப்பறம்தான் இப்புடி ஆயிட்டா. ஆஸ்பத்திரியில வர்றவன் போறவன் எல்லாம் பாப்பான். நான் அனுப்ப மாட்டேன். மொத புள்ளைய நான்தான் தூக்கிக்கினு போயி ஊருக்குக் காட்டுனேன். போதும் நர்சம்மா."

எனக்கு அவன்மேல் கோபம் வந்தது. பையன் போன கதை தெரிந்தும் வந்தது. வாயைத் திறந்து ஏதோ சொல்லப் போனேன். மேடம் என் முழங்கையைப் பிடித்து நிறுத்திவிட்டு, ஆம்புலன்சுக்குப் போன் செய் என்று கண்ணால் காட்டினார். பிறகு தராசுப் பையை எடுத்து வாசலுக்கு வெளியே வைத்தார். அவன் பார்க்கும்படியாகவே வைத்தார்.

"தம்பி, தராசு வேணாம். நான் எடை போடல. ஆட்டோலேர்ந்து இவள நீதான உள்ள தூக்கிக்கினு வந்த?"

"ஆமா மேடம்."

"இப்பவும் நீயே தூக்கு. பாக்காத. கண்ண மூடிக்கினே தூக்கு."

அவனுக்குப் புரியவில்லை. எனக்கும் புரியவில்லை. மேடம் குழந்தையைச் சுற்றியிருந்த துணியைப் பிரித்து, ஒரே ஒரு துண்டோடு எடுத்து அவன் இரண்டு கையிலும் வைத்தார். அவன் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு வாங்கினான். பெட்டிகளைத் தூக்கித் தூக்கிப் பழகிய கை. கொஞ்சம் மேலே தூக்கினான், கொஞ்சம் கீழே இறக்கினான். மறுபடி தூக்கினான். அவன் நெற்றி சுருங்கியது.

"கொறையுது மேடம்" என்றான்.

மேடம் தன் ஒரு கையைக் குழந்தைக்குக் கீழே, தொடாமல் வைத்திருந்தார்.

"கொறையுது. அன்னிக்குத் தூக்கனப்போ இப்புடி இல்ல. நல்லாவே கொறையுது." சொல்லிக்கொண்டே கண்ணைத் திறந்துவிட்டான். மகளின் முகத்தை அவன் முழுதாகப் பார்த்தது அப்போதுதான். கன்னம் ஒட்டி, தோல் மஞ்சள் பாரித்து, உதடு காய்ந்து கிடந்தது. அவன் கத்தவில்லை. கௌரியின் பக்கம் திரும்பி, "ஏந்திரி, ஜல்தி" என்றான். என் கோபம் போன இடம் தெரியவில்லை.

ஆம்புலன்ஸ் வந்தது. மேடம் குழந்தையைக் கௌரியின் மார்போடு, தோல்மேல் தோல் படும்படி வைத்து, சேலையால் இருவரையும் சேர்த்துச் சுற்றினார். தொப்பியும் காலுறையும் போட்டார். தெரு வேடிக்கை பார்த்தது. ஏழுமலை துண்டை எடுத்து மூடப் போனான். மேடம் அந்தத் துண்டை வாங்கிக்கொண்டார்.

"மூஞ்சிய மூடாத. நீ எதிர்ல ஒக்காரு. மூச்சு வாங்குதா, நெறம் மாறுதான்னு பாத்துக்கினே வரணும். கண்ண எடுக்கக் கூடாது. அதான் ஒன் வேல."

நான் கூடப் போனேன். வண்டி குலுங்கும் சாலையிலும் அவன் கண்ணை எடுக்கவில்லை. இமைக்கிறானா என்றுகூட எனக்குச் சந்தேகம். கண்ணால் ஒரு பிள்ளையைத் தொலைத்ததாக நம்புகிறவனிடம் அப்படி ஒரு வேலையைக் கொடுக்கலாமா என்று வழியெல்லாம் யோசித்தேன். இவள் போய்விட்டால் அவனால் பிறகு எதையும் பார்க்க முடியாது. எனக்குப் பயமாக இருந்தது.

பச்சிளம் குழந்தைகள் பிரிவில் வாங்கிக்கொண்டார்கள். மெதுவாகத் திரவம் ஏற்றினார்கள். மஞ்சள் காமாலைக்கு விளக்கின் கீழே வைத்தார்கள். மருத்துவர் நல்லபடியாகவோ கெட்டபடியாகவோ எதுவும் சொல்லவில்லை, பார்க்கலாம் என்று மட்டும் சொன்னார். சில நாட்கள் அந்தப் பார்க்கலாமிலேயே போயின. ஒருநாள் கௌரி போன் செய்தாள். பேசாமல் போனை எங்கோ நீட்டிப் பிடித்தாள். குழந்தை அழுகிற சத்தம் கேட்டது. அந்த வார்டே எரிச்சல்படும்படி அழுதுகொண்டிருந்தாள்.

நித்யா, உன் சிவப்பு நம்பருக்கு என்னிடம் மாற்று இல்லை. மிஷின்மேல் கைக்குட்டையைப் போட்டு நீ மட்டும் பார், போதும். அதற்கு முன்னால் கொடியைப் பார். அதைப் பார்க்கக் கூடாது என்று எந்த வீட்டிலும் சொல்ல மாட்டார்கள். அதோடு, பயப்படுகிறவர்களிடம் எதற்காகப் பயப்படுகிறீர்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள். கோகிலா மேடம் ஏழுமலையிடம் வாதாடாததற்கு, அவனுடைய முதல் பையனின் கதையைத் தெரிந்து வைத்திருந்ததுதான் காரணம்.

வீடு திரும்பிய பிறகு எடை பார்க்கும் நாள் வந்தது. நானும் மேடமும் போனோம். கொடியில் இடமில்லாமல் வேலிமேலும் துணி போட்டிருந்தார்கள். சன்னல்கள் திறந்திருந்தன. கௌரியின் பக்கத்தில் அந்த எவர்சில்வர் கூஜா, நிறையத் தண்ணீரோடு இருந்தது. தனம் எங்களைப் பார்த்ததும் ஒரு டம்ளர் ஊற்றித் தங்கையைக் குடிக்க வைத்தாள். இனி அந்தப் பக்கத்தில் எவரும் தண்ணீர் குடிக்காமல் தப்பிக்க முடியாது போலிருந்தது.

தராசை வெளியிலேயே வைத்துவிட்டுத்தான் உள்ளே போனோம். ஏழுமலையே போய் எடுத்துவந்தான். விட்டத்தில் புதிதாக ஒரு கொக்கி அடித்து வைத்திருந்தான். இழுத்துப் பார்த்தேன், ஆனை கட்டலாம். வெறும் தொட்டிலை மாட்டி முள்ளைச் சரி செய்தேன். கௌரி குழந்தையை வைத்தாள். முள் ஆடி நின்றது. நான் முக்காலியில் ஏறிப் படித்துவிட்டு, வழக்கப்படி முகத்தில் எதுவும் காட்டாமல் இறங்கினேன். மேடம் அட்டையை எடுத்துக்கொண்டு கௌரியைத் தனியே கூப்பிட்டார்.

"இருங்க மேடம்" என்றான் ஏழுமலை. முள்ளுக்கு நேராகக் கண்ணை வைத்துப் பார்த்தான். தெருவுக்கே கேட்கும் குரலில் படித்தான்.

"மூணு கிலோ நூறு!"

தனம் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். எதிர்வீட்டில் யாரோ எட்டிப் பார்த்தார்கள். நான் வாய்விட்டுச் சொல்லியிருந்தால் என்னைத் திட்டியிருப்பவர் இப்போது யாரைத் திட்டுவார் என்று மேடத்தைப் பார்த்தேன். அவர் கண்ணாடியைத் தொடவில்லை. கௌரியின் தலைமாட்டில் இருந்த மைச்சிமிழை எடுத்துத் திறந்து, "வாய்விட்டுச் சொல்லிட்ட. ஒரு பொட்டாவது வச்சிடறேன்" என்று குழந்தையின் கன்னத்துக்கு விரலைக் கொண்டுபோனார்.

ஏழுமலை குழந்தையின் பாதத்தைப் பிடித்து நீட்டினான்.

"கால்ல வைங்க மேடம். மூஞ்சில வேணாம். மூஞ்சிய எல்லாரும் நல்லாப் பாக்கட்டும்."